கூட்டைத் தொடாத கை

வேர்ட்ஸ்வொர்த்தின் ‘நட்டிங்’ கவிதையை இன்று மறுபடி வாசித்தேன். 1798இல் ஜெர்மனியின் கோஸ்லர் நகரில் தங்கியிருந்தபோது எழுதியது. கொட்டை பறிக்கக் கிளம்பும் சிறுவன், யாரும் கால்வைக்காத ஹேசல் தோப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். கொத்துக் கொத்தாய்க் காய்கள். உடனே பறித்துவிடவில்லை. பூக்களுக்கு நடுவே உட்கார்கிறான். பாசி படிந்த கல்லில் கன்னத்தை வைத்து ஓடையின் சலசலப்பைக் கேட்கிறான். பிறகுதான் எழுந்து, கிளைகளை வளைத்து ஒடித்துத் தோப்பையே சின்னாபின்னமாக்குகிறான்.

வெறுத்து ஒடித்தவன் இல்லை, ரசித்துவிட்டு ஒடித்தவன். அதுதான் என்னை உறுத்துகிறது. அழகை ரசிக்கத் தெரிந்தவர் அதற்குக் கேடு செய்யமாட்டார் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம்.

மரங்கள் பேசாமல் நிற்கின்றன. கிளைகள் இருந்த இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. அதைப் பார்த்து மனம் வலித்தது என்கிறார் கவிஞர். அந்த வலி அன்றே வந்ததா, வளர்ந்தபின் வந்ததை அன்றையதாக நினைத்துக்கொள்கிறோமா என்றும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்காகவே அவரை நம்பலாம்.

*

ரசித்துவிட்டு அழித்தவன் அந்தச் சிறுவன்; கோல்ரிட்ஜின் கவிதையில் வரும் முதிய மாலுமி ஆல்பட்ராஸ் பறவையை ஏன் கொன்றான்? கவிதை காரணம் சொல்வதில்லை. கொன்றவனைவிட உடனிருந்தவர்களைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன். நல்ல காற்றைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றுவிட்டானே என்று முதலில் அவனைத் திட்டுகிறார்கள். மூடுபனி விலகி வெயில் வந்ததும், பனியைக் கொண்டுவந்த பறவைதானே, கொன்றது சரிதான் என்கிறார்கள். காற்று நின்று கடல் உறைந்தாற்போல் ஆனதும் செத்த பறவையை அவன் கழுத்திலேயே தொங்கவிடுகிறார்கள். வானிலைக்குத் தக்கபடி அவர்களுடைய நியாயமும் மாறுகிறது. நமக்கு ஆகுமா ஆகாதா என்பதை வைத்தே ஓர் உயிரின் மதிப்பை நிர்ணயிக்கும் பழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எல்லா உயிரையும் நேசி என்று கடைசியில் மாலுமி சொல்லும் போதனை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இந்தக் கவிதையில் நீதி இல்லையே என்று குறைப்பட்ட கவிஞர் அன்னா பார்பால்டிடம், நீதி கூடிப்போனதுதான் குறை என்று கோல்ரிட்ஜே சொல்லியிருக்கிறார்.

*

என் மனம் கடைசியில் போய் நிற்பது ஜான் கிளேரிடம். இங்கிலாந்தின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்தவர், வயல் கூலி. அவருடைய நைட்டிங்கேல் கூடு பற்றிய கவிதையில் தோழமையோடு நம்மையும் புதருக்குள் அழைத்துப் போகிறார். ஆள் அரவம் கேட்டுப் பறவை பாட்டை நிறுத்திவிடுகிறது. கூட்டின் வெளிப்பக்கம் காய்ந்த ஓக் இலைகள், உள்ளே மெத்தென்ற பாசி, கொஞ்சம் புல், தூவி, முடி. மங்கிய பச்சை என்பதா, ஆலிவ் பழுப்பு என்பதா, அப்படி ஐந்து முட்டைகள். நிறத்தைச் சரியாகச் சொல்லவேண்டும் என்ற கவலை அவருக்கு. எதையும் தொடாமல், இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு வெளியே வருகிறார். வருந்த அங்கே எதுவும் நடக்கவில்லை. மற்ற இருவரையும்விட அவரை நான் பெரியவராக நினைப்பது இதனால்தான்.

ஹெல்ப்ஸ்டன் மண்ணுக்கு நேர்ந்ததும் அவர் கண்ணெதிரே நேர்ந்தது. 1809இல் வந்த சட்டத்தால் ஊர்ப் பொதுநிலங்களுக்கு வேலி விழுந்தது. ஸ்வோர்டி வெல் என்ற பழைய கல்லெடுப்பு நிலம் தானே பேசுவதாக ஒரு கவிதை எழுதினார். தன்னைத் தோண்டிக் கல்லும் சரளையும் அள்ளிப் போகிறார்கள், தேனீ சுற்றிச் சுற்றிப் பார்த்தும் பூ கிடைக்காமல் போகிறது என்று நிலமே முறையிடுகிறது.

20ஆம் நூற்றாண்டில் அந்தக் குழியில் குப்பையும் கொட்டினார்கள். இப்போது அது பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம்.