யாருக்காகச் சுரந்த மருந்து?

ஆம்பூரின் தோல் பதனிடும் ஷாப்புகளில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரித்தால் முதலில் உதிர்வது உப்பு. ஆட்டை உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புத் தடவாவிட்டால், வேலூர் வெயிலில் பாக்டீரியாக்கள் தோலைத் தின்னத் தொடங்கிவிடும். மயிர் கழன்று வரும், நாற்றம் கிளம்பும். உப்பையும் மீறிச் சில சமயம் சதைப்பக்கத்தில் செந்நிறத் திட்டுகள் படர்வதுண்டு. அது உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் வேலை. ஆடு உயிரோடு இருந்தவரை அதே தோல் அதே வெயிலில்தான் அலைந்தது, அழுகவில்லை. ஆட்டின் உடல் அதைக் காத்தது. தோலின் மேலேயே குடியிருந்த பாக்டீரியாக்களுக்கும் அந்தக் காவலில் பங்குண்டு.

தவளைகளில் இது கண்கூடாகவே தெரிந்தது. ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்றொரு பாக்டீரியா மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. குளிர் அதற்குப் பிடித்தமானது. பனியாறுகளிலும் துருவ மண்ணிலும் அதன் இனத்தைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் படரும். அந்த நிறம் வயலசீன் என்ற பொருளால் வருவது. பல பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் அது தடுக்கும். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையை எதிர்த்து, கலிபோர்னிய மலைத்தவளைகளின் மேல் இந்தப் பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்த தவளைகள் தப்பின. 2009-ல் அந்த முடிவு வெளிவந்தது.

குளிர் மண்ணில் இரை அரிது, வளர்ச்சி மெது. பிடித்த இடத்தை இழந்தால் வேறிடம் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் அண்டை அயலாரை அண்டவிடாத பொருள்களை அங்குள்ள உயிர்கள் சுரக்கின்றன என்பது ஒரு விளக்கம். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் அமைந்துள்ள ஷிர்மாக்கர் பகுதியின் மண்ணிலிருந்து ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த எஸ். சிவாஜியின் குழு 1992-லேயே புதிய பாக்டீரியா இனமொன்றை அறிவித்தது. இன்று உலகின் பல ஆய்வகங்கள் குளிர் மண்ணைத் தோண்டுவது புது மருந்துக்காக.

இங்கேதான் பழைய கேள்வி எழுகிறது. மனிதக் காலடியே படாத மண்ணில் நோய்க்கு மருந்து இருக்கிறதென்றால், அதை அங்கே வைத்தது யார், யாருக்காக?

தோல் பதனிடும் இந்த வட்டாரத்தில் இதற்கு விடை ஏற்கெனவே உண்டு. இறைவன் மருந்தை இறக்காமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற கருத்துடைய நபிமொழி புகாரி தொகுப்பில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடியில் அதை அறியாத முஸ்லிம் குடும்பம் அரிது. கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானநூல், 38-ம் அதிகாரத்தில், ஆண்டவர் மருந்துகளை நிலத்திலிருந்தே படைத்தார் என்கிறது. (இந்த நூல் புராட்டஸ்டண்ட் விவிலியத்தில் கிடையாது. ஆனால் புராட்டஸ்டண்ட் மிஷனரியான ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி, இன்றைய சிஎம்சி மருத்துவமனை, அந்த வசனத்தைத் தினமும் நடத்திக் காட்டுகிறது.)

சான்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான். காட்பாடியை அடுத்த கரிகிரியின் தொழுநோய் மருத்துவமனையில் மாதம் ஒருமுறை ஊழியர் கண்முன் விழுங்க வேண்டிய ரிஃபாம்பிசின் மாத்திரை, சிறுநீரையே சிவப்பாக்கிவிடும். அதன் மூலப்பொருளைச் சுரந்த பாக்டீரியா, 1957-ல் பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காட்டு மண்ணில் அகப்பட்டது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் கதை இன்னும் பொருத்தம்: போர்னியோக் காட்டிலிருந்து ஒரு மிஷனரி அனுப்பிய மண்ணில் கிடைத்தது அது. நிலத்திலிருந்து மருந்து என்பது இங்கே வெறும் உவமையாக நிற்கவில்லை.

ஆனால் பனி வேறொரு சாட்சியையும் வைத்திருக்கிறது. கனடாவின் யூக்கானில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை ஆராய்ந்து 2011-ல் வெளியான கட்டுரை, வான்கோமைசினை முறியடிக்கும் மரபணுக்கள் அப்போதே அங்கே இருந்ததைக் காட்டியது. மருந்து நமக்காக வைக்கப்பட்டது என்றால், அதைத் தோற்கடிக்கும் வித்தையும் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறதே, அது யாருக்காக? இன்னொரு சிக்கல்: ஜூலியன் டேவிஸ் போன்ற நுண்ணுயிரியலாளர்கள், மண்ணில் இப்பொருள்கள் மிகச் சிறு அளவில் இருக்கும்போது கொல்வதைவிடச் செய்தி சொல்லவே பயன்படுகின்றன என்று வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாம் ஆயுதமென்று எடுத்து வந்தது இன்னொருவரின் பேச்சாகக்கூட இருக்கலாம்.

வாணியம்பாடிப் பக்கம் மலையாம்பட்டில் அர்மாமலைக் குகை இருக்கிறது. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் மிச்சம் அங்கே உண்டு. மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்பது சமண மரபு. நுண்ணோக்கி பார்த்து அவர்கள் அதைச் சொல்லவில்லை; நவீன அறிவியலை முன்கூட்டியே கண்டார்கள் என்று பெருமை பேசுவதும் வீண். ஆனால் அந்தப் பார்வையில் மண் ஒருபோதும் மனிதனின் மருந்துப் பெட்டி ஆகாது. அங்குள்ளவை தங்கள் வாழ்வைத் தாங்களே வாழ்கின்றன.

இதனால் நபிமொழி பொய்த்துப்போகிறதா? இல்லை. 14-ம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் அதை, மருந்தைத் தேடும்படி மருத்துவனைத் தூண்டும் சொல்லாகவே படித்தார். மருந்து உண்டு என்ற நம்பிக்கை நோயாளியைத் தேற்றும், மருத்துவனை உழைக்க வைக்கும். அந்த வாசிப்பில் மனிதனுக்குக் கடமை கிடைக்கிறது. சொத்துப் பத்திரம் கிடைக்கவில்லை. இதுவே நிற்கக்கூடிய வாசிப்பு.

கடமையை எப்படிச் செய்தோம்? டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் அடையாளம் காணப்பட்டது என்டிஎம்-1 என்ற, ஆன்டிபயாட்டிக்கை முறிக்கும் எதிர்ப்பு மரபணு. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து 2010-ல் வெளியான லான்செட் இதழ்க் கட்டுரை, சென்னையிலேயே 44 மாதிரிகளில் அதைக் காட்டியது. பெயரிலுள்ள ‘என்டி’ நியூ டெல்லியைக் குறித்ததால் நாட்டில் பெருங்கூச்சல். மரபணுவைப் பற்றிய கவலை அதற்கடுத்த இடத்தில்தான். 2019-ல் அதே மரபணு ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் மண்ணில் தென்பட்டது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் அதே கோங்ஸ்ஃபியோர்டன் பகுதி. மருந்து தேடிப் போன குளிர் மண்ணுக்கு, மருந்தை முறிக்கும் மரபணு நம் காலத்தில், பறவை வழியோ மனிதர் வழியோ, போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடமையைச் சட்டம் நினைவூட்டியதும் இந்த வட்டாரத்தில்தான். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தபோது வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும், ஐயம் தீரும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. மருந்துக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் வரைவு வரம்புகளை வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை.