காணிக்கையாக வந்த பழுத்த புடலங்காய்



சில ஆண்டுகளுக்கு முன் கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், தைப்பொங்கலை அடுத்து வந்த ஞாயிறன்று நன்றித் திருப்பலி நிறைவேற்றினேன். கோயில் சிறியது, கூட்டம் பெரியது. காணிக்கைப் பவனியில் மக்கள் தங்கள் லயத்தின் பின்புறத்தில் விளைந்தவற்றை ஏந்தி வந்தார்கள். போஞ்சி, கறிமிளகாய், கோவா, ஒரு வாழைக்குலை. இவற்றுக்கு நடுவே ஒரு பாட்டி, செம்மஞ்சளாகப் பழுத்துத் தளர்ந்துபோன ஒரே ஒரு புடலங்காயை வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். வாலிபர் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பூசைக்குப் பின் வழக்கம்போல ஏலம் நடந்தது. கோவாவுக்குப் போட்டி, புடலங்காயை ஏலம் கேட்பார் இல்லை. அதை ஓரமாக வைத்துவிடும்படி சொன்னவன் நான்தான். கறிக்கு உதவாததை ஆண்டவருக்குக் கொண்டுவரலாமா என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டேன். காயீனின் காணிக்கைகூட நினைவுக்கு வந்தது என்றால் பாருங்களேன்!

பாட்டி என்னிடம் வந்தார். "சாமி, அது கறிக்கு இல்லீங்க, வெதைக்கு விட்டது. கொடியில மொதல்ல காய்ச்ச நல்ல காயத்தான் பறிக்காம விட்டேன். உள்ளுக்கு நெறைய வெத இருக்குங்க. கோயிலுக்கு வந்த சனம் ஆளுக்கு ரெண்டு கொண்டு போகட்டுமேன்னுதான்" என்றார்.

முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ முறை பிரசங்கம் செய்தவன் நான். அதைக் கையில் கொண்டுவந்தவரை அடையாளம் காணத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நாபோத்தின் கதையை என்னால் பழையபடி வாசிக்க முடிவதில்லை. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக என்பது பலருக்கு நினைவிராது. அரண்மனைக்குப் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போடுவதற்காக! முன்னோர் விட்டுச்சென்ற உரிமையைத் தரமாட்டேன் என்றான் நாபோத்து. அதற்காகக் கல்லெறியுண்டு செத்தான். பேராசைக்கு எதிரான பாடமாக இதைச் சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். ஆனால் தோட்டத்துக் கோயிலில் இதை வாசிக்கும்போது வேறொன்று நெஞ்சில் தைக்கிறது. மறுப்பதற்கு நாபோத்திடம் ஒரு துண்டு நிலமாவது இருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே போகும் கலஹா வீதியில் நீங்கள் வந்திருந்தால், இந்த வேற்றுமையைக் கண்ணாலேயே கண்டிருப்பீர்கள். கீழே ஹிந்தகல பக்கத்தில் பழைய கண்டி வீட்டுத் தோட்டங்கள். பலாவும் கமுகும் மேலே, அவற்றில் படர்ந்த மிளகு, நிழலில் கோப்பி, அதன் காலடியில் கிழங்குகள். பாட்டன் நட்டதைப் பேரன் பறிக்கிறான். ஏறி வரவர அவை ஒழிந்து, மலை முழுதும் ஒரே செடி. கலஹாவுக்கு அருகே உள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அது முதல் எத்தனையோ தலைமுறைகள் இங்கே உழைத்தும், பெரும்பாலானோர் கையில் இன்றும் காணி உறுதி இல்லை. ஏழு பேர்ச்சஸ் என்று சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது, கிடைத்தவர்கள் சிலரே.

அப்படியானால் இந்த மக்களுக்கு முன்னோர் சொத்து என்று எதுவுமே இல்லையா? அடுப்புக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். புகை படியக் கட்டித் தொங்கவிட்ட பீர்க்கங்காய், சோளக்கதிர், சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்த அவரை விதை. உறுதி எழுதாமல், முத்திரை குத்தாமல், மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த சொத்து இது. எந்தத் துரையும் இதைக் கணக்கெடுக்கவில்லை. அதனாலேயே தப்பியது என்று நினைக்கிறேன்.

விதையை இழந்தவன் கதி என்ன என்பதையும் வேதாகமம் சொல்கிறது. எகிப்தில் பஞ்சம் வந்தபோது யோசேப்பு தானியக் களஞ்சியத்தைத் திறந்ததை மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். கதையின் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பாரவோனுக்கு ஒப்புக்கொடுத்து, உணவோடு விதையையும் கேட்டார்கள். யோசேப்பு விதை கொடுத்தார். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு என்றென்றும் அரசனுக்கு என்று விதியும் செய்தார். யோசேப்பை நான் குறை சொல்லவில்லை. உயிர் காத்தவர் அவர். ஆனால் கையில் விதை இல்லாதவன் எந்த விலைக்கும் இணங்குவான் என்பதை அந்தப் பகுதி எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது!

நமக்கும் அது நேர்ந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் எட்டாமற்போய்த் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமற்போனபோது, கோவா, கரட் விதைகளில் பெரும்பகுதி கடல் கடந்து வருவது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, விதைக்கு எங்கே போவது? விதைப் பைக்கற்றின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்!

கடை விதையை வாங்குவது பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டுவீரிய விதை நிறையக் காய்க்கும். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவன் அதை நாடுவதில் தவறு இல்லை. ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல முளைப்பதில்லை. ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று பிரிந்து போகும். எனவே ஒவ்வொரு போகமும் கடைக்குத்தான் போக வேண்டும். பாட்டியின் புடல் அப்படியல்ல. அதே காய், அதே ருசி, ஆண்டுதோறும். கலஹாவின் பனிக்கும் ஓயாத மழைக்கும் தாக்குப்பிடித்த கொடியிலிருந்தே விதை எடுத்து எடுத்து, அந்த விதைக்கு இந்த மலை பழகிப்போயிருக்கிறது.

எல்லாரும் ஒரே செடியை நம்பினால் என்னவாகும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. தேயிலைக்கு முன் இங்கே கோப்பி. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது; இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. எங்கும் ஒரே வகை, எதிர்த்து நிற்க மாற்று இனம் இல்லை. படைப்பில் ஆண்டவர் செடிகளை அதனதன் இனப்படி விதை தரச் செய்தார் என்று ஆதியாகமம் கூறுவதை, வகைவகையாக இருப்பதே அவருக்கு விருப்பம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

விதைக்காக உயிர் கொடுத்தவர்களும் உண்டு. 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் நகரம் முற்றுகையில் கிடந்தபோது, அங்கிருந்த விதைக் களஞ்சியத்தின் ஆய்வாளர் பலர், சுற்றிலும் அரிசியும் பயறும் மூட்டையாக இருக்க, அதில் கைவைக்காமல் பசியால் இறந்தார்கள். களஞ்சியத்தை உருவாக்கிய வவிலோவ் 1943இல் சிறையில் பட்டினியால் மடிந்தார். அவர்கள் எந்த மதத்தவர் என்று நான் கேட்கப்போவதில்லை. வரப்போகும் தலைமுறைக்காகப் பசித்திருப்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

நம் அருகே கன்னொறுவையிலும் 1988 முதல் ஒரு விதைக் களஞ்சியம் இயங்குகிறது. குளிர் அறையில் நாட்டு வகைகளைக் காக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் குளிர் அறையில் உறங்கும் விதை மழையை அறியாது. உங்கள் லயத்துக் கோடியில் ஆண்டுக்கு ஆண்டு நனைந்தும் காய்ந்தும் வரும் விதை அறியும்.

பாட்டி எனக்குச் சொல்லித் தந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். நல்ல கொடியின் முதற்காயில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் பறிக்கமாட்டார்கள். போஞ்சியும் அவரையும் கொடியிலேயே காய வேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். பூசணி மட்டும் சிரமம். பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிடும். முதல்நாள் மாலை பூ மொட்டை நூலால் கட்டி, விடியற்காலை அவிழ்த்து, அதே வகையின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். கலஹாவில் காய வைப்பதுதான் பெரும்பாடு. வெயிலை நம்ப முடியாது. ஆகவே அடுப்புப் புகை. இதெல்லாம் அவருக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "அம்மாயி" என்றார். அம்மாயிக்கு? சிரித்தார்.

ஒன்றை மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். விதையை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது. எலி தின்னலாம், மண் சரியலாம், வீட்டுக்காரி செத்துப்போகலாம். நாலு வீட்டில் கொடுத்து வைத்தால், நம்மிடம் அழிந்தாலும் கேட்டு வாங்கலாம்.

அவர் இப்போது இல்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான்; லயத்தின் பின்புறம் புல் மண்டிவிட்டது. அன்று ஓரமாக வைத்த புடலங்காயைத் திருப்பலிக்கு உதவும் சிறுவன் ஒருவன் பிளந்து, விதையைக் கழுவி, கேட்டவர்களுக்குக் கொடுத்தான். எனக்கும் ஆறு விதை தந்தான். ஐந்து முளைத்தன.

ஐப்பசி மழைக்கு முன் பந்தல் போட வேண்டும். விதை வேண்டுபவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் கேளுங்கள். ஆளுக்கு இரண்டு தருவேன். காய்த்ததும் ஒரு காயைப் பழுக்க விட்டு, அடுத்த பொங்கல் திருப்பலிக்குக் கொண்டுவாருங்கள். இம்முறை அதை ஏலத்தில் விடப்போவதில்லை.