பர்மனென்ட்

ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கிய சொற்களில் 'பர்மனென்ட்' என்பதைப்போல் வாழ்வோடு ஒட்டிக்கொண்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே அது ஜாதகத்தின் பதின்மூன்றாவது கட்டம். பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியே, "பையன் பர்மனென்டா?" என்பதுதான்.

சென்ற மாதம் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போயிருந்தேன். செல்வத்தில் கொழித்த வணிகர் அத்தனையையும் உதறிவிட்டு வந்து அடங்கியதாகச் சொல்லப்படும் இடம். வாசலில் ஓர் இளைஞன் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. அன்று காலை கான்ட்ராக்டர் மாறிவிட்டாராம். புதியவருடைய பட்டியலில் இவன் பெயர் இல்லை.

எழுத்தாளனுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு, "உலகத்திலே எதுதான் தம்பி பர்மனென்ட்? உள்ளே இருக்கிறவரைக் கேட்டுப் பார்" என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. "அவருக்கு இன்னா சார், எல்லாம் இருந்திச்சி, வேணாம்னு உட்டுட்டாரு. உடறதுக்கு என்கிட்ட இன்னா கீது?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நிலையாமை என்பது மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. இல்லாதவனிடம் அதையே உபதேசிக்கும்போது, அவன் கூலியைக் குறைப்பதற்குத் துணைபோகிற தந்திரமாகிவிடுகிறது.

அவன் சிரஞ்சீவியாக வரம் கேட்கவில்லை. எண்ணூர் அனல் மின் நிலையமே 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டதை அறிந்தவன்தான் அவன். நாளைக் காலையும் பட்டியலில் தன் பெயர் இருக்கும் என்கிற சிறு நிச்சயம் போதும் அவனுக்கு. 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டமே செய்தார்கள். அந்த 480 வந்துவிடாமல் நாளை எண்ணுகிற சாமர்த்தியமும் கூடவே வளர்ந்தது.

திரும்பும் வழியில் கடலோரத்தில் கொட்டிக் கிடந்த கருங்கற்களைப் பார்த்தேன். துறைமுகத்தின் கற்சுவர் மணலின் போக்கைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை கரைந்தது. ஒன்றின் உறுதிக்கு இன்னொன்று விலை கொடுக்கிறது. ஆலையும் அப்படித்தான் நிற்கிறது என்று தோன்றிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது, நான்கு நாள் சம்பளத்தை நாங்கள் பிடித்துக்கொண்டோம். தான் பர்மனென்டா என்று அந்த அம்மாள் ஒரு நாளும் கேட்டதில்லை.