விரைவும் அவசரமும்

‘காலம் பொன் போன்றது’ என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த முதுமொழி. கட்டுரைப் பயிற்சியில் அதற்கு விளக்கம் எழுதாத மாணவர் அரியர். ஒரு நொடியையும் வீணாக்கலாகாது, ஓய்ந்திருப்பது இழப்பு, முந்திக்கொள்பவனே வெல்வான் என்று அவ்விளக்கம் பெரும்பாலும் ஓடி முடியும். ஆனால், காலம் பொன்னாயின் அப்பொன் யாருடையது என்னும் வினா அக்கட்டுரைகளில் எழுவதில்லை. தன் பொன்னைப் பெருக்கும் ஆவலில் பிறர் பொன்னைப் பறிப்பவனை உலகம் கள்வன் என்கிறது. தன் காலத்தைச் சேமிக்கும் ஆவலில் பிறர் காலத்தைப் பறிப்பவனை மட்டும் சுறுசுறுப்பானவன் என்று பாராட்டுவது அறமாகுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஒரு பயண நாளே ஏற்ற களம். வீட்டு வாயிலில் தொடங்கி, விமான நிலையம் கடந்து, அயல்மண்ணில் கால் பதிக்கும் வரையிலான அந்த ஒரு நாளில், மனிதன் காலத்தோடு கொண்டுள்ள உறவும், காலத்தின் பெயரால் பிறரோடு கொள்ளும் உறவும் ஒருங்கே வெளிப்பட்டுவிடுகின்றன.

மலாயாத் தமிழரின் பயண வரலாறு கடலில் தொடங்கியது. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை அறியாத முதியோர் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் இல்லை. அதன்பின் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்து வரை தமிழகத்தையும் இந்நாட்டையும் இணைத்து வந்தது. அக்கப்பல்களில் பயணம் நாள் கணக்கில் நீண்டது. 1965இல் சுபாங் விமான நிலையமும், 1998இல் சிப்பாங்கில் அமைந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும் திறக்கப்பட்டன. இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வானில் ஏறக்குறைய நான்கு மணி நேரமே ஆகிறது. நாள்கள் மணிகளாகச் சுருங்கின. அங்ஙனம் மிச்சமான காலம் மனிதனிடம் ஓய்வாகத் தங்கியிருக்க வேண்டும் அன்றோ? தங்கவில்லை. பயணம் குறுகியது, பதற்றம் வளர்ந்தது. இந்த முரணுக்குக் காரணம் என்ன?

விரைவு வேறு, அவசரம் வேறு என்பதை மறந்ததே காரணம் எனலாம். விரைவு என்பது செயலின் வேகம். அவசரம் என்பது உள்ளத்தின் கலக்கம். ‘அவசரம்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று பகரும். வடமொழியில் அச்சொல் தக்க சமயத்தைக் குறிப்பது. மலையாளத்தில் அது இன்றும் ‘வாய்ப்பு’ என்னும் பொருளிலேயே வழங்குகிறது. தெலுங்கில் அது ‘தேவை’ ஆயிற்று. தமிழர் வாயில் அது பரபரப்பைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. தக்க சமயத்தை நழுவவிட்டவனுக்கு எஞ்சுவது பரபரப்பே என்னும் உண்மையை ஒரு சொல்லின் வரலாறே உணர்த்துவது போல் அமைந்துள்ளது.

வள்ளுவரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே ‘காலமறிதல்’ என ஓர் அதிகாரத்தையும் ‘மடியின்மை’ என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். முன்னதில் உரிய பருவம் வரும்வரை அசையாது நிற்கும் கொக்கையும், பருவம் வாய்த்ததும் அது குத்தும் விரைவையும் உவமை காட்டினார். பின்னதில், காலம் நீட்டித்தலும், மறதியும், சோம்பலும், உறக்கமும் கெட்டழிவோர் விரும்பி ஏறும் கலம் என்றார். நிற்பதும் விரைவதும் பகையல்ல என்பதும், நிற்பதும் சோம்புவதும் ஒன்றல்ல என்பதும் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்குப் புலனாகும். கொக்கு அவசரப்படுவதில்லை, ஆனால் சோம்பேறியும் அன்று.

இனி, அவசரமற்ற ஒரு பயண நாள் எவ்வாறு இருக்கும் என்று காண்போம். ஈப்போவில் வாழும் முதிய இணையர் ஒருவர் இரவு ஒன்பதரை மணி வானூர்தியில் சென்னை செல்வதாகக் கொள்க. பெட்டிகள் முதல்நாளே கட்டப்பட்டுவிட்டன. கடப்பிதழ் கைப்பையில் உள்ளது. காலை உணவு உண்டு, அண்டை வீட்டாரிடம் விடைபெற்று, துளசிச் செடிக்கு நீர் ஊற்றும்படி சொல்லிவிட்டு அவர்கள் இரயில் ஏறுகின்றனர். இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் வருகிறது. நண்பகல் உணவை அமர்ந்து உண்ண நேரம் இருக்கிறது. அங்கிருந்து விரைவு இரயில் 28 நிமிடத்தில் அவர்களை விமான நிலையத்தில் சேர்க்கிறது. பெட்டிகளை ஒப்படைத்து, குடிநுழைவுச் சோதனை முடித்து, முதல் முனையத்தின் துணைக் கட்டடத்தை அடைந்தால், அதன் நடுவே மழைக்காட்டு மரங்கள் வளர்ந்து நிற்பதைக் காணலாம். அந்நிலையத்தை வடிவமைத்த சப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, காட்டுக்குள் நிலையமும் நிலையத்துக்குள் காடும் இருக்க வேண்டும் என்று கருதினார். ஓடுபவர் கண்ணில் அம்மரங்கள் படுவதில்லை.

மரங்கள் மட்டுமா படுவதில்லை? மனிதரும் படுவதில்லை. முதன்முறை வானூர்தி ஏறும் தோட்டத்துப் பாட்டி ஒருவர், எந்த வாயிலுக்குச் செல்வது என்று அறியாமல், அறிவிப்புப் பலகையைப் படிக்கவும் தெரியாமல், கையில் சீட்டுடன் திகைத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரம் கையிலிருப்பவர் அவரைக் காண்கிறார், “எங்கே போகணும் பாட்டி?” என்று கேட்கிறார், வாயில் வரை உடன் நடக்கிறார். நேரம் தவறி ஓடி வருபவருக்கோ அப்பாட்டி வழியில் நிற்கும் ஒரு தடை. இருவரும் இயல்பில் நல்லவர்களாகவே இருக்கலாம். ஒருவர் அறத்தைச் செய்ய முடிந்ததும் மற்றவர் செய்ய முடியாமற் போனதும் குணத்தால் அன்று, கடிகாரத்தால்.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் பயிலும் மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலறிஞர் இருவர் நிகழ்த்திய ஓர் ஆய்வு 1973இல் வெளிவந்தது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று உரையாற்ற வேண்டும். வழியில் ஒருவர் துவண்டு கிடந்து முனகுமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நேரம் மிகுதியாக உள்ளது என்று அறிந்து சென்றவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினர். நேரத்துக்குச் சரியாகச் சென்றவர்களில் 45 பேர் உதவினர். காலம் கடந்துவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 பேரே உதவினர். மாணவர்களுள் ஒரு பகுதியினர் ஆற்றவிருந்த உரையின் பொருளோ, வழியில் அடிபட்டுக் கிடந்த அயலானுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! ஆய்வில் பங்கேற்றோர் நாற்பதின்மரே. ஆதலின் அவ்வெண்களை எல்லார்க்கும் பொதுவிதியாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும், அறத்தைப் பற்றிப் பேச ஓடுபவனும் அறத்தைத் தாண்டி ஓடக்கூடும் என்பதை அது காட்டிவிட்டது. நீதிநூல் கற்பிக்கும் ஆசிரியர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

அவசரத்துக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அது நீர் போல எப்போதும் மேலிருந்து கீழே வழியும். காலந்தாழ்ந்து புறப்பட்ட பயணி வாடகை வண்டியில் ஏறியதும், “கொஞ்சம் வேகமாகப் போங்க” என்கிறார். அந்த நொடியில் அவருடைய அவசரம் ஓட்டுநருடையதாகிவிடுகிறது. அபராதம் வந்தால் அது ஓட்டுநருக்கு. விபத்து நேர்ந்தால் அது சாலையில் செல்வோர் எல்லார்க்கும். பதிவு முகப்பில் அவர் காட்டும் சினம், விதியை வகுக்காத ஓர் ஊழியப் பெண்ணின் மேல் விழுகிறது. நடக்க இயலாமல் பின்தங்கும் குழந்தை கையைப் பிடித்து இழுக்கப்படுகிறது. தாமதித்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் பலர்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். பெட்டியை ஒப்படைத்த பயணி ஒருவர் உரிய நேரத்தில் ஏறும் வாயிலுக்கு வரவில்லையானால், பாதுகாப்பு விதிப்படி அவர் பெட்டியைத் தேடி இறக்கிய பின்னரே வானூர்தி புறப்பட இயலும். 180 பேர் அமர்ந்துள்ள வானூர்தி அதனால் கால் மணி நேரம் காத்திருப்பதாகக் கொள்வோம். ஆளுக்குக் கால் மணி வீதம் அது 45 மணி நேரம். ஏறத்தாழ இரண்டு முழு நாள். வீட்டில் ஒருவர் மிச்சப்படுத்தியதாக எண்ணிய பதினைந்து நிமிடத்துக்காக, பிறரிடமிருந்து இரண்டு நாள் பறிக்கப்பட்டுவிட்டது. முன்னதாகப் புறப்படுதல் தன் வசதிக்கான ஏற்பாடு மட்டும் அன்று. பிறர்க்குச் செய்யும் நீதியும் ஆகும் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இங்கே மறுப்பு எழலாம். “நிதானம் என்பது வசதி படைத்தோர்க்கு உரியது. இரவுப் பணி முடித்து, கிடைத்த சில நாள் விடுப்பில் ஓடும் தொழிலாளிக்கு அது எங்ஙனம் இயலும்?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. நிதானமாக அமர்ந்திருக்கும் பயணியைச் சுற்றி எத்தனையோ பேர் ஓடிக்கொண்டிருக்கின்றனர்: தரை துடைப்போர், பெட்டி ஏற்றுவோர், அடுத்த பயணத்துக்குள் இருக்கைகளைத் துப்புரவு செய்வோர். அவர்களுடைய ஓட்டத்தின் மேல்தான் இவருடைய அமைதி நிற்கிறது. ஆகவே நிதானம் பெருமைப்படத்தக்க தகுதி அன்று. வாய்த்தவர்க்கு அது ஒரு கடமை. நேரம் உடையவர், நேரம் அற்றவர்க்கு வரிசையில் இடம் விடுவதே அக்கடமையின் முதற்படி.

ஊரில் தாய் இறந்தாள் என்னும் செய்தி கேட்டு ஓடுபவனையும் அவசரக்காரன் என்று பழிக்கலாமோ? ஒருபோதும் ஆகாது. கப்பற்காலத்தில் தந்தி வந்து சேர்ந்தாலும் மகன் போய்ச் சேர வழியில்லை. இன்று அவனால் தாயின் முகத்தைக் காண முடிகிறது. இது விரைவு தந்த பேறு. அதைக் குறை கூறுவோர் பிரிவின் துயர் அறியாதோர். அத்தகையோர்க்கு வழிவிடும் பொருட்டேனும் மற்றையோர் அவசரம் தவிர்க்க வேண்டும். எல்லாரும் ஓடும் இடத்தில், உண்மையாகவே ஓடவேண்டியவன் யார் என்பது எவருக்கும் தெரியாமற் போகும்.

காலத்தை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே பதற்றத்தின் வேர். அவ்வச்சம் எத்துணைப் பொருளற்றது என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் பன்னிரண்டுக்கு நகர்த்தப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க அவ்வேற்பாடு. மக்கள் அனைவருடைய அரைமணியும் ஒரே நொடியில் மறைந்தது. எவர் வாழ்வும் அதனாற் குறைந்ததில்லை. அதுபோலவே, சென்னையில் இறங்கும் பயணி தம் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னோக்கித் திருப்புகிறார். அவர் ஆயுள் அதனாற் கூடுவதில்லை. கடிகாரத்தில் மிச்சம் பிடிப்பது வேறு. வாழ்வில் மிச்சம் பிடிப்பது வேறு.

வானூர்தி மேலெழுந்தபின் காணும் காட்சியையும் எண்ணிப் பார்த்தல் தகும். மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அக்கலத்தினுள், ஓடி வந்தவரும் நடந்து வந்தவரும் அருகருகே அசையாது அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் மற்றவரைவிட ஒரு நொடியும் முந்திச் சேரப்போவதில்லை. இருவர்க்கும் உள்ள வேறுபாடு, வரும் வழியில் யார் யாரை எப்படி நடத்தினார் என்பது ஒன்றே.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது முன்னோர் மொழி. மாணவர்க்கு அதை மனப்பாடமாக ஊட்டுவதோடு அமையாமல், பழக்கமாக ஆக்குதல் ஆசிரியர் கடன். “சீக்கிரம், சீக்கிரம்” என்று வகுப்பறையில் நாளும் ஒலிக்கும் குரல் பிள்ளைகளுக்கு விரைவைக் கற்பிப்பதில்லை, அவசரத்தையே கற்பிக்கிறது. மணியடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, கரும்பலகையைத் துடைத்து, வருகின்ற பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் ஆசிரியர் சொல்லாமலே அப்பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறார். அவரிடம் பயின்ற பிள்ளை நாளை எந்த நாட்டுக்குப் பயணப்பட்டாலும் நேரத்தோடு புறப்படும். வழியில் திகைத்து நிற்பவரைக் கண்டால் நின்று கேட்கும்.