அறியாத அன்பு

நம் நகரங்களின் புதிய குடியிருப்புகளில் வாயிற்கதவுகளில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்னும் பலகை தொங்குவதைக் காண்கிறோம். கதவுக்கு உள்ளே பெரும்பாலும் ஓர் அல்சேஷனோ, லாப்ரடாரோ, ராஜபாளையமோ சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடக்கும். வீட்டுக்குக் காவல் என்கிறோம். பிள்ளைகளுக்குத் துணை என்கிறோம். வருவோர் போவோர் வியந்து பார்ப்பதில் நமக்கொரு சிறு பெருமையும் உண்டு. ‘எங்கள் நாயைப் பிள்ளைபோல் வளர்க்கிறோம்’ என்று சொல்லாத வீடு அரிது. அச்சொல் பொய்யன்று. ஆயினும், அன்பு செலுத்துகிறோம் என்னும் நினைவு மட்டும் போதுமா? அன்பு செய்யப்படும் உயிர் எதனால் வாழ்கிறது, எதனால் துன்புறுகிறது என்பதை அறிந்துகொள்ளும் கடமையும் அவ்வன்பில் அடங்கியதன்றோ? இவ்வினாவை நாங்கள் நூல்களிலிருந்து பெறவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் பெற்றோம்.

எங்கள் இல்லத்தில் டைகர் என்றோர் அல்சேஷன் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தது. அவ்விழா நாளில் உறவினர் பலர் வந்திருந்தமையால், காலை முதல் அதனைப் பின்கட்டில் கட்டிவைத்திருந்தோம். பகலில் அதற்கு உணவிட எவருக்கும் நினைவில்லை. இரவில் விருந்தினர் சென்றபின் குற்றவுணர்வு உறுத்த, எஞ்சிய பிரியாணியையும் எலும்புகளையும் பெரிய தட்டு நிறையக் குவித்து வைத்தோம். பசித்திருந்த அது சில நிமிடங்களில் அனைத்தையும் விழுங்கித் தீர்த்தது. பிறகு சங்கிலியை அவிழ்த்துவிட்டோம். பிள்ளைகள் பந்து எறிந்தார்கள். அது முற்றமெங்கும் ஓடிக் களித்தது. அதன் மகிழ்ச்சி கண்டு நாங்களும் மகிழ்ந்தோம்.

நள்ளிரவுக்குப் பின் அது நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. வாந்தியெடுக்க மீண்டும் மீண்டும் முயன்றது. நுரைத்த எச்சிலன்றி ஒன்றும் வெளிவரவில்லை. வயிறு உப்பியிருந்தது. விருந்துச் சோறு செரிக்கவில்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் புகட்டினோம். ‘விடியட்டும், டாக்டரிடம் கொண்டுபோகலாம்’ என்று பேசிக்கொண்டோம். விடியுமுன் அது இறந்துவிட்டது. கடைசி வேளை வரையிலும், பெயர் சொல்லி அழைத்தபோதெல்லாம் வாலை அசைத்தது.

என்ன நேர்ந்தது என்பதைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் எங்களுக்கு விளக்கினார். ஆழ்ந்த மார்புடைய பெருநாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முறுக்கிய இரைப்பையின் இரு வாயிலும் அடைபட்டுவிடும், உள்ளே சென்றது வெளியே வராது, குருதியோட்டமும் தடைப்படும். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்துக்குள் நடந்தாலன்றி உயிர் மீள்வது அரிது. ஒரு நாளுக்குரிய உணவை ஒரே வேளையில் இடுவதும், அதனை அவசரமாக விழுங்குவதும், மனக்கலக்கமும் இவ்வாபத்தை மிகுவிக்கும். உண்டவுடன் ஓடவிடலாகாது என்பதும் மருத்துவர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. எங்கள் டைகருக்கு அன்று நாங்கள் செய்தவை அனைத்தும் இப்பட்டியலில் இருந்தன. அவற்றை நாங்கள் செய்தது வெறுப்பினால் அன்று, அன்பினால்!

‘தெரியாமல் செய்ததுதானே, பாவமாகுமா?’ என்று எங்கள் பிள்ளைகளுள் ஒருவர் கேட்டார். அவரைத் தேற்றுவதற்காக ‘இல்லை’ என்றோம். ஆனால் எங்களை நாங்களே அவ்வளவு எளிதில் தேற்றிக்கொள்ள இயலவில்லை.

அறியாமை மன்னிப்பாகுமா என்பது திருச்சபையின் ஆசிரியர்கள் நெடுங்காலம் ஆய்ந்த வினா. முயன்றும் அறிய இயலாததை அறியாதிருத்தல் குற்றமன்று. ஆனால் ஒருவர் அறியக் கடமைப்பட்டிருப்பதை அறிய முயலாது விட்டால், அவ்வசட்டையே பாவமாகும் என்று புனித தாமஸ் அக்வினாஸ் பிரித்துக் காட்டினார். 1992-இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது: உண்மையையும் நன்மையையும் தேடி அறிய அக்கறை காட்டாதவரின் அறியாமைக்கு அவரே பொறுப்பாளி. அப்படியாயின், ஆறு ஆண்டுகள் ஓருயிரை வீட்டில் வைத்திருந்தும், அதன் உடலைப் பற்றி ஒரு முறையேனும் மருத்துவரிடம் கேட்டறியாத எங்கள் அறியாமை எவ்வகையைச் சார்ந்தது?

நாய் மனிதனுக்கு நிகர் என்று நாம் சொல்ல வரவில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் மனிதனே. ஆனால் நம் கடமை இச்சமமின்மையிலிருந்தே பிறக்கிறது. காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடும். நிழலைத் தானே நாடும். நாயையோ பல்லாயிரம் ஆண்டுகளாக நம்மைச் சார்ந்து வாழும்படி நாமே ஆக்கிக்கொண்டோம். கதவையும் நாமே பூட்டியிருக்கிறோம். எப்போது உண்பது, எதை உண்பது, எங்கே படுப்பது, எவரோடு பழகுவது என எதனையும் தானே முடிவு செய்ய அதற்கு வழியில்லை. பிறருடைய முடிவுகளையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டவன், அம்முடிவுகளுக்குத் தேவையான அறிவையும் தேடிக்கொள்ள வேண்டாமா?

மேலும், நாய் முறையிடுவதில்லை. யானை தன்னை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லக்கூடும். நாயோ தன்மீது எறியப்பட்ட வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் என்று நாலடியார் ஒப்பிட்டுக் காட்டுகிறது. இப்பண்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அதற்குள் நமக்கொரு சோதனை இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் நன்றாய் நடத்தினாலும் தீதாய் நடத்தினாலும் அது நம்மை ஒரே வகையில் வரவேற்கிறது. ஆகவே நம் தவற்றை அதன் முகம் நமக்குக் காட்டித் தராது. கேட்பாரும் கண்டிப்பாரும் இல்லாத இடத்தில் நேர்மையாய் நடக்க, நம் மனச்சான்று ஒன்றே காவல்.

அறிய வேண்டியவை எட்டாத கல்வியும் அல்ல. பெருநாய்க்கு நாளின் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து இடவேண்டும். உண்டபின் ஓய்வு தரவேண்டும். நம் குழம்பில் உள்ள வெங்காயம், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கலாம். விழாக்காலத்தில் நாம் பரிவோடு ஊட்டும் கேக்கில் உள்ள உலர்திராட்சை அதன் சிறுநீரகத்துக்கு நஞ்சாகலாம். சாக்லேட்டும் அவ்வாறே ஆகாது. குட்டி விரைவில் பெரிதாக வேண்டுமென்று அளவுக்கு மீறி ஊட்டுவதும், கேளாமல் கால்சியம் மருந்து கொடுப்பதும், பெருநாய்களின் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குக் காலந்தாழ்த்தியே வந்தது. ஊட்டி மகிழ்வதே அன்பு என்று எண்ணும் நமக்கு இது நல்ல பாடம்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழோ சிமென்டுத் தரையிலோ கட்டிவைப்பது அதன் உயிருக்கே கேடாகலாம். நிழலும், எந்நேரமும் தூய நீரும், விடியலிலோ அந்தியிலோ ஓர் உலாவும் அதற்கு வேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சலைத் தடுக்க, நாள்தோறும் காதுமடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நடத்தையும் உடல்நலத்தைப் போன்றதே. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டி எவற்றோடெல்லாம் அச்சமின்றிப் பழகுகிறதோ, அவையே பின்னாளில் அதன் குணத்தைப் பெரிதும் உருவாக்கும். நாள் முழுதும் தனிமையிலும் சங்கிலியிலும் கழிக்கும் நாய் அஞ்சவும் சினக்கவும் பழகும். ‘வெறிபிடித்த குணம்’ என்று அதனை அடிப்பது, நாம் விதைத்ததை அதனிடம் அறுப்பதாகும். அது பிறரைக் கடித்தால் பொறுப்பு நம்முடையதே. ஆதலால் மூன்றாம் மாதத்தில் போடும் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் குறிக்கும் காலத்தில் மறுவூசியும், அயலாருக்கு நாம் செலுத்தவேண்டிய நீதி.

நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. நாயை வழக்கமாகக் கட்டியே வைத்திருப்பவர் அதற்குத் தக்க உடற்பயிற்சி அளிக்காது விடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் 11-ஆம் பிரிவில் கூறியது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றமாயிற்று. ஆனால் முதல் முறை பிழைத்தவர்க்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. ஆகவே சட்டத்துக்கு அஞ்சி எவரும் திருந்தப்போவதில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான தடை எழும். மனிதர் பசித்திருக்கும் நாட்டில், நாய்க்கு இத்தனை அக்கறையா? இத்தடையைப் புறக்கணித்தல் தகாது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்று கூறும் அதே மறைக்கல்வி நூல், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பொருளை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது என்று உடனே சேர்த்துக் கூறுகிறது. ஆனால் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆடம்பரம் இருப்பது பெருமைக்காகப் பெரும்பொருள் கொடுத்து நாயை வாங்குவதில்தான். வாங்கியதற்கு நீரும் சோறும் மருந்தும் தருவதில் அன்று. முன்னது தவிர்க்கக்கூடியது; பின்னது கடன். இடமும் நேரமும் பொருளும் இல்லாதவர் பெருநாயை வளர்க்காதிருப்பதே அதற்குச் செய்யும் பெரிய நன்மை. லூக்கா நற்செய்தியில் வரும் செல்வர் தம் வாயிலில் கிடந்த இலாசரைக் காணவில்லை. அவருடைய புண்களை நாய்கள் வந்து நக்கின. கதவுக்கு உள்ளே கட்டுண்டு கிடப்பதன் தாகத்தைக் காணாத கண், கதவுக்கு வெளியே நிற்பவரின் பசியை மட்டும் கண்டுவிடும் என்று நாம் நம்புவதற்கில்லை.

இவ்வறியாமை நாயோடு நிற்பதுமில்லை. முதிய தாய்க்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதை அறியாமலே அவர்மீது உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. பத்தாண்டு நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணியின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறியாமலே அவரை ‘வீட்டில் ஒருத்தி’ என்போர் உண்டு. அன்பு இருக்கிறது; ஆனால் அது தன் மகிழ்ச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறருடைய தேவையைக் கேட்டறியும் பொறுமை அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

நேர்மையாளர் தம் கால்நடையின் உயிரைப் பேணுவார் என்னும் கருத்து நீதிமொழிகள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே எபிரேய மூலத்தில் அமைந்த சொல்லின் நேர்பொருள் ‘அறிகிறார்’ என்பதே. தம் விலங்கின் உயிரை அறிபவரே நேர்மையாளர்! நம் ஆண்டவரும் தம்மை நல்ல ஆயன் என்று அறிமுகம் செய்தபோது, தம் ஆடுகளைத் தாம் அறிந்திருப்பதையே அடையாளமாகக் கூறினார். விவிலியத்தில் அறிதலும் அன்பும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க இயலாதபடி இணைந்திருக்கின்றன.

டைகர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், வெளியூருக்கு மாற்றலாகிச் சென்ற ஒரு குடும்பம் விட்டுச்செல்ல இருந்த முதிய லாப்ரடார் ஒன்று எங்களிடம் வந்தது. இடுப்பு மூட்டு தளர்ந்து, பார்வையும் மங்கியிருந்தது. காவலுக்கும் ஆகாது, பெருமைக்கும் ஆகாது. காலையில் அதனை எழுப்பி நிறுத்த இருவர் வேண்டும். இம்முறை முதல் நாளே மருத்துவரிடம் சென்று, கேட்க வேண்டியவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துக் கேட்டோம். அத்தாள் எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அத்தாளைப் பார்த்துப் பார்த்தே அதற்கு உணவிட்டோம். ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், விருந்தினர் நடுவிலிருந்து எழுந்துபோய், உரிய வேளையில் உரிய அளவு சோற்றை எங்கள் மகள் அதற்கு இட்டு வந்தாள். எவரும் அவளுக்கு நினைவூட்டவில்லை. அன்று கேட்கப்பட்ட வினாவுக்கு நாங்கள் சொல்லத் தவறிய விடையை அவள் தன் கையால் சொல்லிவிட்டாள் என்று எங்களுக்குத் தோன்றியது.