கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

திரேஸ்புரத்துக் கரையில் நின்றால் கடல் தெரியும். தெற்கே உடன்குடிப் பக்கம் சென்றால் தேரிமணலில் நிற்கும் பனைகள் தெரியும். முத்தும் பதநீரும் இந்தச் சீமைக்கு இறைவன் அருளிய இரு கொடைகள். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பனையோ இன்றும் சுரந்துகொண்டிருக்கிறது.

பனையேறுபவர் காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். சொட்டும் சாறு கலயத்தில் சேர்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்துவிடும்; சில மணி நேரத்தில் அதுவே கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, சாறும் ஒன்று. ஆயினும் ஒன்று ஹலால், மற்றொன்று ஹராம்.

அப்படியானால் நன்மையும் தீமையும் பொருளில் இருக்கின்றனவா, மனிதனின் கையில் இருக்கின்றனவா? திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயம், பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர் போதையூட்டுவதையும் நல்லுணவையும் பெறுவதை ஒரே வசனத்தில் எடுத்துரைத்து, சிந்திப்போருக்கு அதில் சான்று உண்டென்கிறது. நம் மண்ணில் அந்தச் சான்று பனையின் உச்சியில் தொங்குகிறது. இறைவன் தந்தது சாறு மட்டுமே. அதைக் காப்பதும் கெடுப்பதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதம் நிறைவேறும் இடத்தைப் பாருங்கள். மரத்தின் உச்சியில் பனையேறுபவர் தனித்திருக்கிறார். சுண்ணாம்பைக் குறைத்தால் சாறு புளிக்கும். மிகுத்தால் சுவை கெடும். கீழே நிற்பவர் எவருக்கும் அந்த அளவு தெரியாது. மனிதர் காணாத இடத்தில் செய்யும் செயலே ஒருவரின் உள்ளத்தை உரைத்துக் காட்டும்.

ஆனால் அவரை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நியாயமாகுமா? முன்பெல்லாம் கொல்லைப் பனையில் இறக்கிய பதநீரை நம் உம்மாமார்கள் வீட்டு அடுப்பிலேயே கிண்டிப் பாகாக்கினர். சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். விறகும் வேண்டும், வெயிலில் மரமேறும் உழைப்பும் வேண்டும். இத்தனையும் அறிந்த நாம், சென்ற ரமலானில் மலிவான விலையில் கருப்பட்டி கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கி வந்தோம். பெரும்பகுதி சீனிப்பாகு என்பது கரைத்தபோதுதான் தெரிந்தது. உடனே வியாபாரியைப் பழித்தோம். ஆனால் உழைத்தவருக்குரிய கூலி அந்த விலைக்குள் அடங்காது என்பதை வாங்கும்போதே கணக்கிட்டிருக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா? கலப்படம் செய்தவரின் குற்றம் அவருடையது. அதற்குச் சந்தை அமைத்துக் கொடுத்த குற்றம் நம்முடையது.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. குறியீடு பெயரைக் காக்கும், மனச்சாட்சியைக் காக்காது. பனையேறுபவர் தம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார். வாங்குபவராகிய நாமும் நம் ஆசை புளித்துவிடாதபடி, கைப்பையைத் திறக்குமுன் நியாயமான விலை என்னும் சுண்ணாம்பைத் தடவிக்கொள்வோமாக! அப்போதுதான் நோன்பு திறக்கும் வேளையில் நம் நாவில் படும் இனிப்பு, எவருடைய கண்ணீரும் கலவாத இனிப்பாக இருக்கும்.