துவக்கைத் துடைக்கலாம், கணக்கைத் துடைக்கலாமா?



துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட எம்மவர் வீட்டில் ஒரு பழைய போர்த் துவக்கை வாங்கி, கறள் நீக்கி, எண்ணெய் பூசி, அழகு பார்த்து வைத்திருப்பது முறையாகுமா? கனடாவில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளில் சிலர் பழைய இராணுவத் துவக்குகளைச் சேகரித்துப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். பரீட்சை எழுதி உரிமம் பெற்றிருக்கிறார்கள். ரவை நீக்கிப் பூட்டி வைக்கவேண்டும் என்ற விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆகவே இங்கே சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் எல்லாவற்றையும் தர்மம் அனுமதிப்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. பெற்றோர் சிலர் இதுபற்றி மனக்குழப்பம் அடைந்திருப்பதால், இக்கேள்வியைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். இங்கே சேகரிப்போர் கைகளில் அதிகம் காணப்படுவது லீ என்பீல்ட் என்ற பிரித்தானிய வகைத் துவக்கு. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய, 'த்றீ நொட் த்றீ' என்று நாம் அழைத்த அதே சாமான்தான். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். பத்து ரவைகள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளவேண்டும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த பூட்டு என்பதால் பெயரின் முற்பகுதி வந்தது. அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்து ஒன்ராறியோவின் கால்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். அந்த ஊர் இன்று கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. என்பீல்ட் என்பது லண்டனின் வடபுறத்தில் அரச துவக்குத் தொழிற்சாலை இருந்த இடம்.

இரண்டாம் உலகப் போரின்போது ரொறன்ரோவுக்கு மேற்கே, இன்றைய மிசிசாகாவின் ஏரிக்கரையில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையை அரசு அமைத்தது. 1941இல் அங்கே துவக்குகள் வெளிவரத் தொடங்கின. போர் முடிவதற்குள் சுமார் ஒன்பது இலட்சம் துவக்குகள் செய்யப்பட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பங்கினர் பெண்கள். அந்தத் துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் மண்டபம். எம்மில் பலர் அந்த வீதியால் காரில் போய்வருகிறோம்.

போருக்குப் பின்னர் தேவைக்கு மேலாக எஞ்சிய துவக்குகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வேட்டைக்காரர் பாரத்தைக் குறைப்பதற்காக முன்பக்க மரத்தை அரிந்து எறிந்துவிட்டு மான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். அப்படி வெட்டுப்பட்ட துவக்குகளுக்கு அதே காலத்து மரத்தைத் தேடிப் பொருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் இன்றைய சேகரிப்பாளரின் பெரிய வேலை.

இனி அந்தத் துவக்கின் வரலாற்றைப் பார்ப்போம். 1919 ஏப்ரல் 13ஆம் திகதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக் மைதானத்தில், வெளியேற வழியற்று நின்ற மக்கள் மீது ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுட்டது இந்த வகைத் துவக்கால்தான். 1944 யூன் 6ஆம் திகதி பிரான்சின் நோர்மண்டிக் கரையில் சுமார் 14,000 கனடியர் இறங்கியபோது அவர்களில் பலர் ஏந்தியிருந்ததும் இதே குடும்பத்துத் துவக்குத்தான். அடுத்த ஆண்டு ஒல்லாந்து நாட்டை நாசிகளிடமிருந்து மீட்ட கனடியப் படையினர் கையிலும் இது இருந்தது. அந்த நன்றிக்கடனை ஒட்டாவாவின் ரியூலிப் மலர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1947இல் தொடங்கப்பட்ட கனேடியன் றேஞ்சர்ஸ் படையினர், அவர்களுள் வடதுருவத்துப் பழங்குடியினர் பலர், கடுங்குளிரிலும் பழுதுபடாத துவக்கு என்பதால் எழுபது வருடங்கள் வரை இதையே வைத்திருந்தார்கள். பனிக்கரடியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும் அது உதவியது.

ஒரே இரும்பு, ஒரே பூட்டு. ஒரு இடத்தில் படுகொலை, ஒரு இடத்தில் விடுதலை, ஒரு இடத்தில் உயிர்க்காவல். இதைக் காட்டி, "இரும்புக்கு ஏது பாவம்? பிடித்த கைக்குத்தான் பாவம்" என்று சிலர் கூறுவர். வேறு சிலரோ, "கொலைக்கென்று செய்யப்பட்ட பொருளைத் தொடுவதே பாவம்" என்பர். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே கேள்வியை மிகச் சீக்கிரம் மூடிவிடுகின்றன. இரும்பு குற்றமற்றது என்றால் அதை ஏன் ஆசையோடு தேடுகிறோம்? அலவாங்கும் இரும்புதானே, அதை ஒருவரும் கண்ணாடி அலுமாரியில் வைப்பதில்லை. துவக்கு ஒரு கதையைச் சுமந்து வருவதால்தான் பிள்ளைகளுக்கு அதில் விருப்பம். அப்படியானால் கதையின் நல்ல பாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றப் பாதி எமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லமுடியாது. மறுபக்கத்தில், தொடுவதே பாவம் என்றால் நூதனசாலைகள் எல்லாவற்றையும் இழுத்து மூடவேண்டும். சாட்சிப் பொருள்களை அழித்துவிட்டு நியாயம் கேட்க முடியுமா?

எமது மரபும் இதை இலேசாக முடித்துவிடவில்லை. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயுத பூசையன்று தொழிற் கருவிகளை அம்பாளின் முன் வைக்கிறோம். நாம் வணங்கும் வேல் சூரபன்மனைப் பிளந்தது. ஆனாலும் பிளந்த சூரன் மயிலும் சேவலுமாகி ஆண்டவன் அருகிலேயே இடம்பெற்றான் என்று புராணம் சொல்கிறது. சங்க காலத்தில் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார், பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த அவனது படைக்கலங்களைப் புகழ்வது போல இகழ்ந்தார். தம் அரசனின் வேல்கள் போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போரின் நடுவிலிருந்து உயிர் தப்பி வந்த எனக்கோ தொண்டைமானின் படைவீடே நல்லதாகத் தெரிகிறது. நெய் பூசி, பூட்டி, சும்மா கிடக்கும் ஆயுதம்தான் ஊருக்கு நல்லது. அந்த வகையில் சேகரிப்பாளரின் அலுமாரியை நான் குறைகூறமாட்டேன். குழலில் ரவை ஏறாமல் அது கிழப்பருவம் அடையட்டும்.

ஆனால் வேறொரு விடயம் இருக்கிறது. அதைக் கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தத் தொழிலில் தேர்ந்த சேகரிப்பாளர்கள் தமக்குள் ஓர் ஒழுக்கம் வைத்திருக்கிறார்கள். கறள் நீக்கலாம், அதன் கீழுள்ள முத்திரையைத் தேய்க்கக்கூடாது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். உப்புத்தாள் போட்டு உரசிப் புதிது போல ஆக்கக்கூடாது. ஏனெனில் அந்த மரத்தில்தான் பரிசோதகரின் அடையாளமும், சில வேளை யாரோ ஒரு படைவீரன் கத்தியால் கீறிய தன் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். பக்கத்தில் பொறித்த தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, தொடரிலக்கம் ஆகியவை அப்படியே இருக்கவேண்டும். புதிய மரம் பொருத்தினால் வாங்குபவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பழைய ரவைகளின் மருந்து எரிந்தபின் உப்புப் போன்ற ஒரு படிவை உள்ளே விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். ஆகவே அக்காலப் படைவீரர்கள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட துவக்கின் குழலுக்குள் அந்த அலட்சியத்தின் தழும்பு இன்றும் தெரியும். நல்ல சேகரிப்பாளர் அந்தத் தழும்பையும் மறைப்பதில்லை.

கணக்கியலும் இதையே சொல்கிறது. பேரேட்டில் பிழையான பதிவு விழுந்துவிட்டால் வெள்ளை மை பூசி மறைப்பது பெருங்குற்றம். பழைய பதிவு கண்ணுக்குத் தெரிய இருக்கவேண்டும். அதன் கீழ் எதிர்ப்பதிவு இட்டு, காரணம் எழுதித்தான் திருத்தவேண்டும். மறைத்துத் திருத்திய ஏட்டை எந்தக் கணக்காய்வாளரும் நம்பமாட்டார். துவக்கின் மரத்தை உரசக்கூடாது என்று இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் சேகரிப்பாளர், துவக்கின் கதையை மாத்திரம் உரசிப் பளபளப்பாக்கினால் அதை என்னவென்று சொல்வது? ஜாலியன்வாலா பாக்கில் எத்தனை ரவைகள் சுடப்பட்டன என்று கேட்டபோது 1650 என்று இலக்கம் சொல்ல டயரால் முடிந்தது. இறந்தவர்கள் எத்தனைபேர் என்பதற்கு அரசின் கணக்கு 379, காங்கிரசின் கணக்கு ஏறக்குறைய ஆயிரம். ரவைக்குக் கணக்கு இருந்தது, மனிதருக்கு இருக்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு இது எப்படிப்பட்ட வேதனை என்று எவரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை, நல்ல அமைதியான பிள்ளை, 1943ஆம் ஆண்டின் லோங் பிராஞ்ச் துவக்கு ஒன்றை மாதக்கணக்காகப் பாடுபட்டுச் சீர்செய்தான். முடிந்ததும் ஆசையோடு அம்மம்மாவுக்குக் காட்டினான். அவர் கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்றபடி, "இது ஆரின்ரை கையிலை இருந்தது தம்பி?" என்று கேட்டார். அவனுக்குத் தொழிற்சாலை தெரியும், ஆண்டு தெரியும், தொடரிலக்கம் மனப்பாடம். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. "இது இங்கை கிடந்தால் எனக்கு நித்திரை வராது மோனை" என்றார் அவர். பிள்ளை வாதாடவில்லை. உரிமம் உள்ள ஒரு நண்பர் வீட்டுக்கு அதை மாற்றிவிட்டான். இன்றும் அங்கே போய்த்தான் எண்ணெய் போடுகிறான்.

அந்தப் பிள்ளை செய்ததில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. துவக்குக்கு இரண்டு முனை உண்டு. பிடிமரத்துப் பக்கம் நின்றவர்களின் கதை புத்தகங்களிலும் பதக்கங்களிலும் இருக்கிறது. குழலுக்கு முன்னால் நின்றவர்களின் கதை பெரும்பாலும் அவர்களோடேயே போய்விட்டது. எமது வீடுகளில் மாத்திரம் அந்தப் பக்கத்துச் சாட்சிகள் இன்னும் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறு எந்தச் சேகரிப்பாளருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது. அவர்களின் அச்சத்தை அறியாமை என்று எண்ணவேண்டாம். சட்டப்படி சரி என்று அவர்களிடம் விளக்கம் சொல்லவும் வேண்டாம். பொருளை வீட்டுக்குள் கொண்டுவர முன்னரே அவர்களைக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அத்தோடு விடுங்கள். பேச விரும்பினால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வையுங்கள். துவக்கின் முத்திரையையும் இலக்கத்தையும் குறித்து வைக்கும் அதே கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பழைய இரும்பைப் பொறுமையோடு சீர்செய்யும் பிள்ளை வன்முறையாளன் அல்லன். கைவேலையில் அவனுக்கு இருக்கும் மதிப்பையும் பழையதைப் பேணும் குணத்தையும் நீங்கள் கண்டிக்கவேண்டியதில்லை. கண்டிக்கவேண்டியது ஒன்று உண்டென்றால், அது வீரக்கதை மட்டும் பேசும் பழக்கத்தைத்தான். நோர்மண்டியைச் சொல்லும் வாய் அமிர்தசரசையும் சொல்லட்டும்.

என்னைக் கேட்டால், நான் என் வீட்டில் துவக்கு வைக்கமாட்டேன். அது என் மனதின் நிலை. அதை மற்றவருக்கு விதியாக்க எனக்கு உரிமை இல்லை. வைத்திருப்பவர் வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்திருந்தால் அவரிடம் எனக்கு மனத்தாங்கலும் இல்லை. இதுபற்றி மாற்றுக் கருத்து உள்ளவர்கள், சிறப்பாக எமது இளைஞர்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ அடுத்த இதழுக்கு எழுதுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.